நானோ என்று கேட்டவள்

கஸ்தூரியை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். இரண்டாவது தடவைக்கும் வாய் திறக்க மாட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் "இன்னா?" என்பாள். அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் பழைய ஆட்களுக்கெல்லாம் அந்தப் பழக்கம் உண்டு. ஆளாக இருந்தால் மூன்று தரம் கூப்பிடும், ஆளாக இல்லாதது இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொள்ளும் என்று சொல்வார்கள். மற்றவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் அதைப் பார்ப்பார்கள். கஸ்தூரி பட்டப்பகலிலும் பார்ப்பாள். அவள் அப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது.

கஸ்தூரி எனக்கு ஓர்ப்படி. என் வீட்டுக்காரர் திருமலைக்குத் தம்பி அப்பாதுரை, அவன் பெண்டாட்டி. வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி ஜில்லா ஆனதே, அந்த வருஷம் கல்யாணம். அவளுக்குத் தண்டராம்பட்டுப் பக்கம் ஊர். அவள் அம்மாவும் என் சித்தப்பா சம்சாரமும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. அந்த வழியில் பெண்ணைப் பார்த்து வைத்தது நான்தான்.

அப்போது வீட்டில் எங்கள் மாமியார் ஜோதியம்மாளும் நாத்தனார் ஆராயியும் இருந்தார்கள். பிள்ளைகளில் ஆராயிதான் மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்றால் அது தனிக் கதை. தம்பிகளைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவளுக்குத் தெருக்கூத்து என்றால் உயிர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் பாரதக் கூத்து நடந்தாலும் முன்வரிசையில் முந்தானையை விரித்து உட்கார்ந்துவிடுவாள். அந்தக் கூத்துப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நாங்கள் "சாப்டியா?" என்று கேட்பதை அவள் "உண்டாயோ?" என்பாள். எந்தக் கேள்வி கேட்டாலும் வாலில் ஒரு ஓகாரம் இருக்கும். பால் பொங்கி வழிந்து மாமியார் கத்தினால், மாரில் கையை வைத்துக் கண்ணை உருட்டி, "நானோ?" என்பாள்.

"பின்ன இன்னா, நானா? அடுப்பாண்ட யாருடி குந்திக்கினு இருந்தது?"

"நானோ? நானோ, தாயே?"

திட்ட வந்த மாமியார் சிரித்துவிடும். வந்த மாசத்திலேயே கஸ்தூரியும் அதைக் கற்றுக்கொண்டாள். ஒரு குடம் உடைந்தால் போதும், ஆளுக்கொரு மூலையில் நின்று இரண்டு பேரும் "நானோ? நானோ?" என்பார்கள். "இது வூடா, கூத்துக் கொட்டாயா?" என்று அப்பாதுரை தலையில் அடித்துக்கொள்வான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அப்படி ஒட்டிக்கொண்டதை எங்கள் வகையறாவில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்த மழைக்காலத்திலேயே ஆராயி கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு சரம் கோத்த மாதிரி கழுத்தைச் சுற்றி வந்தது. கண்டமாலை என்றார்கள். மாலை விழாத கழுத்தில் இப்படி ஒரு மாலையா என்று மாமியார் அழுதது. பச்சிலை அரைத்துப் பூசினோம், சூடு வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று தோன்றியபோது அவளால் தலையைத் தூக்க முடியவில்லை.

அவள் போனது உச்சி வேளையில். நாங்களெல்லாம் கழனியில் இருந்தோம். கஸ்தூரி மட்டும் வீட்டுக் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "கஸ்தூரி" என்று ஒரு குரல் வந்தது. ஆராயி குரல் அப்போதெல்லாம் அவ்வளவு தெளிவாக வராது. தொண்டை அடைத்து மூன்று நாலு நாள் ஆகியிருந்தது. இந்தக் குரல் பழைய ஆராயி குரல், கூத்துப் பேசுகிற குரல். இரண்டாவது தடவையும் கூப்பிட்டது. புதுப் பெண், வெயில் நட்டுக்கொண்டு நிற்கிற வேளை, மூன்றாவது வரட்டும் என்று ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மூன்றாவது வரவில்லை. உள்ளே போனபோது ஆராயி வாசற்கால் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கண் திறந்து கிடந்தாள்.

கல்யாணம் ஆகாதவளைச் சுடுவதில்லை என்று ஓடைக்கரைப் புறம்போக்கில் புதைத்தோம். அடுத்த மழைக்கு அந்த மேட்டில் யாரும் வைக்காமலே சுடுகாட்டு மல்லி முளைத்தது. ஊதா கலந்த சிவப்புப் பூ, ஐந்து இதழ். உங்களுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பக்கம் யாரும் அதைத் தலையில் வைக்க மாட்டார்கள், வீட்டில் வளர்க்க மாட்டார்கள். ஆடுகூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

ஆனால் கஸ்தூரி அதைத்தான் பிழைப்பாக்கிக்கொண்டாள். தேரடிப் பக்கம் மருந்துச்சரக்கு மண்டி வைத்திருந்த சக்கரவர்த்தி அந்தச் செடியை வாங்கிக்கொண்டிருந்தார். இலையைத் தனியாக, வேரைத் தனியாக நிழலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால், "சீமைக்குப் போவுதும்மா" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஜாஸ்தியாகி, தெருவில் பாதிப் பேர் மோர்க்கடையும் பொம்மைக்கடையும் போட்டார்கள். கஸ்தூரி மட்டும் களைக்கொத்தும் கோணியுமாக ஓடை ஓடையாக, இடுகாடு இடுகாடாகப் போய்க்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் எப்போதும் ஒரு கசப்பு வாடை இருக்கும். சோறு போட்டால் சோற்றிலும் அடிக்கும்.

ஆராயி மேட்டை மட்டும் அவள் தொட்டதில்லை. அந்தப் பக்கம் போனால் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். "எடுத்தா இன்னாடி, அதுவும் செடி தானே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அது அண்ணி புடவக்கா. அத உருவுவாங்களா?" என்றாள்.

பிறகு மழையே இல்லாமல் இரண்டு வருஷம் போனது. இரண்டாயிரத்து மூன்று என்று நினைவு. ஓடையெல்லாம் வெடித்துவிட்டது, சுடுகாட்டு மல்லிகூடக் கருகிவிட்டது. ஆராயி மேட்டில் மட்டும் கையகலப் பச்சை, பூவோடு நின்றது. சக்கரவர்த்தி ஆள் மேல் ஆள் அனுப்பினார். வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு நாள் கஸ்தூரி போய், "மன்னிச்சுக்க அண்ணி" என்று சொல்லி, அத்தனையையும் பிடுங்கிவிட்டாள். வேர் நீளமாக, வெள்ளையாக, மண்ணை விடாமல் வந்தது என்றாள். இழுக்கும்போது அடியிலிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்ததாம்.

மறுவருஷம் கஸ்தூரி கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி வந்தது.

நான் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது என் கை தானாகப் பின்னுக்கு வந்தது. அதே இடம், இடது காதுக்குக் கீழே. மாமியார் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொன்னது.

"கூப்ட்டுட்டா."

இந்தத் தடவை பச்சிலைக்குப் போகவில்லை. அப்பாதுரை அவளை மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான், துணைக்கு நான். அங்கே மதிவதனி என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, வேகமாகப் பேசும், ஆனால் நாம் பேசுவதையும் கேட்கும். அது தொத்து வியாதி இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுமே, அந்த நெறியில் வருகிற ரத்தப் புற்று வகை என்று சொன்னது. பல மருந்து சேர்த்து ஏற்ற வேண்டும். அதில் ஒன்றைக் காட்டி, "இது நம்ம ஊர்ச் செடியிலேர்ந்து எடுக்கிறது தாம்மா. நித்தியகல்யாணி" என்றது.

"கல்யாணின்னா சாமிங்களா?" என்றாள் கஸ்தூரி.

"பூச்செடிம்மா. அதோ, வாசல்ல தொட்டியில வெச்சிருக்காங்களே, அதான். அதோட இலையில இந்த நோய்க்கு மருந்து இருக்கு."

கஸ்தூரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில், சிமெண்டுத் தொட்டியில், வரிசையாகச் சுடுகாட்டு மல்லி. காற்றில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. கஸ்தூரி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்துவிட்டது. "அக்கா, நான் புடுங்கினது எனக்கே வருதுக்கா" என்று காதில் சொன்னாள்.

ஊருக்கு வந்து மாமியாரிடம் சொன்னபோது அது வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. "இன்னா பேரு சொன்ன? நித்தியகல்யாணியா? கல்யாணமே ஆவாதவ மேல நித்தியகல்யாணி பூத்துக் கெடந்துச்சாடி?" அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த மருந்தில் கட்டி கரைந்தது. அது நிஜம். ஆனால் தலைமுடி போயிற்று, கால் போயிற்று. கால் போயிற்று என்றால் இருந்தது, உணர்ச்சி இல்லை. முதலில் விரல் மரத்தது, பிறகு உள்ளங்கால், பிறகு கணுக்கால். பாதத்தைத் தூக்க முடியாமல் முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைப்பாள். மண்ணா சிமெண்டா, சூடா ஈரமா, ஒன்றும் தெரியாது. நரம்பு அடிபட்டிருக்கிறது, இந்த மருந்துக்கு அது உண்டு என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியது. கஸ்தூரிக்கும் அது புரிந்தது. ஆனால் தெரு அதை எப்படிப் பார்த்தது என்று நினைத்துப் பாருங்கள். மொட்டைத் தலை, வெளுத்த முகம், தரையைத் தொடாத மாதிரி ஒரு நடை.

"கஸ்தூரிக்குக் கால் பாவல" என்று ஒருத்தி சொன்னாள். யாருக்குக் கால் தரையில் பாவாது என்று எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நாங்கள் அப்போது அதே தெருவில் தனிக்குடித்தனம் வந்திருந்தோம். அவளே ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். போனேன். உள்வாசலில் அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பரப்பி வைத்திருந்தாள். செத்தவர்களுக்குக் காரியத்தின்போது அப்படிப் பரப்பி, தடம் விழுகிறதா என்று பார்ப்போம். உயிரோடு இருக்கிறவர்கள் தனக்குத்தானே பரப்பி நான் பார்த்ததில்லை.

"இன்னாடி பண்ற?"

"நீ சும்மா பாருக்கா. நான் பார்த்தா எனக்கு நம்பிக்க வராது."

சுவரைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்தாள். தடம் விழுந்தது. குனிந்து பார்த்தேன். விரல் இருந்தது, முன்பாதம் இருந்தது, குதிகால் இல்லை. ஒரு தடத்திலும் இல்லை. பாதி ஆள் நடந்துபோன மாதிரி இருந்தது.

"வுழுந்துச்சாக்கா?"

"வுழுந்துச்சு. நல்லா வுழுந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் கலைக்கப் போனேன். அதற்குள் மாமியார் வந்து பார்த்துவிட்டது. பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டது.

அந்த ஆடி மாசம் பூவாடைக்காரிக்குப் படைத்தோம். வீட்டில் செத்துப்போன பெண்ணுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிடுவதுதான் அது. வருஷா வருஷம் ஆராயிக்கு ஒரு மஞ்சள் புடவை வைப்போம். அந்த வருஷம் மாமியார் இலையில் இரண்டு புடவை வைத்தது. ஒன்று மஞ்சள். இன்னொன்று பச்சை. பச்சை கஸ்தூரிக்குப் பிடித்த நிறம்.

"அத்த, இது யாருக்கு?" என்றாள் கஸ்தூரி.

மாமியார் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாதுரைதான் அந்தப் பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அன்றிலிருந்துதான் அவளுக்குப் பகலில் குரல் கேட்க ஆரம்பித்தது. உச்சி வேளையில் "கஸ்தூரி", "கஸ்தூரி" என்று இரண்டு தரம் மட்டும் கேட்குமாம். அத்தோடு நின்றுவிடுமாம். "மூணாவது வந்தா நான் போயிடுவேன்க்கா" என்றாள். எங்கே போவாய் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஏழில், அக்குளில் கட்டி திரும்ப வந்தது.

கஸ்தூரி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். "அந்த மருந்து வேணாம். இப்பவே பாதி ஆளு. மிச்சப் பாதியும் போயிடும்." அப்பாதுரை காலில் விழாத குறையாகக் கெஞ்சி, கேட்டுவிட்டாவது வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனான். நானும் போனேன். மதிவதனி டாக்டர் அவள் கால் இரண்டையும் மடியில் தூக்கி வைத்து, ஊசி நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டது.

"அம்மா, போன தடவ குடுத்த மருந்து கட்டியத் தேடிப் போகல. ஒடம்பெல்லாம் சுத்திச்சு. சுத்துற வழியில கால் நரம்பையும் கெடுத்துடுச்சு. இப்ப அதே மருந்த வேற மாதிரி அனுப்பிப் பாக்கிறோம். ரொம்ப ரொம்பச் சின்ன உருண்டைக்குள்ள வெச்சு அனுப்புறது. ஒரு முடிய ஆயிரமா பொளந்தா எவ்ளோ இருக்கும், அவ்ளோ சின்னது."

"எனக்கு முடியே அரகொறயா கெடக்குது டாக்டரம்மா. நீங்க எத்த பொளக்கப் போறீங்க?"

டாக்டரம்மா சிரித்தது. "என்னுத பொளக்கிறேன், போதுமா? கேளுங்க. நல்ல எடத்துல ரத்தக்கொழாய் அடப்பா இருக்கும், இந்த உருண்ட வெளிய வராது. கட்டியில கொழாய் ஓட்ட ஓட்டையா இருக்கும். அதுவழியா உள்ள போய்த் தங்கி, அங்க மருந்த வுடும். அதனால கட்டிக்கு ஜாஸ்தி, காலுக்குக் கம்மி. அப்படித்தான் எதிர்பாக்கிறோம்."

"ஒடம்பு அத வுடுமா? வெளி ஆளுன்னு துரத்தாதா?" என்று கேட்டது அப்பாதுரை.

"நல்லாக் கேட்டீங்க. அதுக்குத் தான் மேல ஒரு போர்வ. மனுஷ ரத்தத்துல இருக்கிற புரதத்தையே சுத்தி அனுப்புறோம். ஒடம்பு தன்னோட ஆளுன்னு நெனச்சு வுட்டுடும்."

கஸ்தூரி முகம் மாறியது. "யாரு ரத்தம்?"

"யார் யாரோ தானம் குடுத்ததும்மா. சுத்தம் பண்ணி எடுக்கிறது. யாருதுன்னு சொல்ல முடியாது."

"யாருதுன்னே தெரியாதா?"

"தெரியாது. ஆனா ஒண்ணு, இது சோதனைதான். எலிக்குக் குடுத்துப் பாத்தாச்சு, கொஞ்சம் பேருக்குக் குடுத்திருக்கோம். கேக்கலாம், கேக்காமலும் போகலாம். பொய் சொல்லிக் கூப்ட மாட்டேன். வேணாம்னா எப்ப வேணா வேணாம்னு சொல்லிடலாம்."

"அதுக்கு இன்னா பேருங்க?" என்றான் அப்பாதுரை.

"நானோ. நானோ மருந்துன்னு சொல்லுவோம்."

அப்பாதுரை என்னைப் பார்த்தான். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? அது ரொம்பச் சின்னது என்கிறதுக்குச் சீமைச் சொல் என்று விளக்கிக்கொண்டிருந்தது.

ஊருக்கு வரும் பஸ்ஸில் கஸ்தூரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தூரத்தில் மலை தெரிந்ததும் சொன்னாள். "அண்ணி மேல மொளச்ச செடி. அதுக்கு யாரோ ஒருத்தர் ரத்தத்துல புடவ கட்டி, நம்ம ஆளு மாதிரி உள்ள அனுப்புறாங்க. பேரு நானோ. அக்கா, இது யாருன்னு நெனைக்கிற?"

"மருந்துடி."

"என்னை இட்டுக்கினு போவ வர்றாங்களா, என்னான்னு கேட்டுட்டுப் போவ வர்றாங்களா? அது தெரியலயே."

வீட்டில் மாமியார் தீர்த்துச் சொல்லிவிட்டது. "வேணாம். கதவத் தொறந்து வுடாத. மேட்ட மொட்டையடிச்சதுக்கு வர்றா." போகாவிட்டால் மாசக்கணக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாதுரை சாப்பிடாமல் கிடந்தான். கடைசியில் கஸ்தூரியே, "வரேன். ஆனா ஏத்திக்கிறதா வேணாமான்னு அங்க வந்து சொல்றேன்" என்றாள்.

மருந்து ஏற்றுகிற நாளில் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீளமான வராண்டா, கடைசியில் ஒரு ஜன்னல், வெள்ளை வெயில். அப்பாதுரை கீழே டோக்கன் வாங்கப் போயிருந்தான். நேரம் உச்சி வேளையாகிவிட்டது. கஸ்தூரி கையில் ஒன்றும் இல்லாமல், இல்லாத ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்து நர்ஸம்மா தலையை நீட்டியது. அன்றைக்கு இரண்டு கஸ்தூரி வந்திருந்தார்களாம். அடையாளத்துக்கு மருந்தையும் சேர்த்துக் கூப்பிட்டது.

"நானோ கஸ்தூரி!"

கஸ்தூரி அசையவில்லை.

"நானோ கஸ்தூரி! இருக்காங்களா?"

வராண்டாவில் யாரும் எழவில்லை. நர்ஸம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கலந்து வைத்த மருந்து அதிக நேரம் நிற்காது, வராவிட்டால் கொட்டிவிடுவார்கள் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். நான் அவள் விலாவில் இடித்தேன்.

"ஏய், உன்னத்தான்டி. போடி ஜல்தி."

"ரெண்டு தடவ தான்க்கா."

"அடிப்பாவி, ஆஸ்பத்திரியில இன்னாடி ரெண்டு மூணு? அவங்களுக்கு வேற வேல இல்லியா? இரு, நான் போய்ச் சொல்றேன்" என்று எழுந்தேன்.

அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். முகம் வராண்டாக் கோடி ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நானும் பார்த்தேன். அங்கே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. அவள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கண் நிரம்பி வழிந்தது.

"நீ இல்ல அண்ணி" என்றாள். "நீ இல்ல. நீ பண்ணல."

சொல்லிவிட்டு எழுந்தாள். முழங்காலை உயர்த்தி உயர்த்தி, ஆனால் சுவரைப் பிடிக்காமல் நடந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

"எத்தன வாட்டிம்மா கூப்டறது? காது கேக்கலயா?" என்று நர்ஸம்மா கடிந்துகொண்டது.

"மூணாவதுக்கு வந்துட்டேன்ங்க."

"மூணாவது நான் எங்க கூப்ட்டேன்? ரெண்டு தடவ தானே கூப்ட்டேன்."

கஸ்தூரி கையை நீட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். பை முழுக்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஒன்று, சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது. அவள் கண்ணை மூடாமல் ஒவ்வொரு சொட்டையும், வாசலில் வருகிற ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்பும் வழியில் நான் கேட்டேன், அப்போது உன் காதில் என்னடி கேட்டது என்று. "அதே மாதிரி தான்க்கா, மாருல கைய வெச்சிக்கினு. 'நானோ, கஸ்தூரி?'ன்னாங்க. எல்லாரும் நான் தான்னு சொல்றாங்களே, நானோ உனக்கு இது பண்ணினேன்னு கேக்குறாங்க. நாம எல்லாம் சேந்து அவங்க மேல பழி போட்டுட்டமேக்கா. அன்னிக்கு மூணாவதுக்கு நின்னேன், வரல. இன்னிக்கு வந்துச்சு. நானே போயிச் சொல்லிட்டேன்."

இருபத்தோரு நாளைக்கு ஒரு தரம் என்று பல தடவை போய்வந்தோம். அக்குள் கட்டி சுருங்கி, ஒரு கட்டத்தில் டாக்டரம்மா கையால் தேடியும் கிடைக்கவில்லை. அதே மருந்து ஏற்றிக்கொண்ட எல்லாருக்கும் அப்படி ஆகவில்லை. எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த செய்யாறு ஆள் ஒருத்தர் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கஸ்தூரிக்குக் கால் மரத்தது அதிகமாகவில்லை. நாளடைவில் குறைந்தது. நரம்பு மெல்ல மெல்லத் தானாகவும் தேறும், எல்லாப் பெருமையும் நானோவுக்குக் கொடுத்துவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது.

ஒரு நாள் கழனி வரப்பில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் "ஆ" என்று உட்கார்ந்துவிட்டாள். பதறி ஓடினேன். உள்ளங்காலில் நெருஞ்சி முள். அதைப் பிடுங்காமல் வைத்துக்கொண்டு சிரித்தாள். "வலிக்குதுக்கா. நல்லா வலிக்குது." அன்றைக்கே வீட்டில் சாம்பலைப் பரப்பி நடந்தாள். மாமியாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். குதிகால் முழுசாக, அழுத்தமாக விழுந்திருந்தது. மாமியார் அந்தத் தடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தொட்டு, சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டது. அடுத்த ஆடியில் படையலில் ஒரு புடவைதான் வைத்தது.

செடி பிடுங்குவதை கஸ்தூரி விடவில்லை. ஆனால் ஆராயி மேட்டில் விதை தெளித்து வளர்த்து விட்டாள். இப்போது அங்கே கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவள் கதை பாதியில் நிற்கும்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் முருங்கைக்கீரை கொடுக்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் அப்போது போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பியிருந்தது, அப்பாதுரை வேங்கிக்காலில் ஒரு ஆபீசுக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கதவு சாத்தியிருந்தது. அவள் பழக்கம் தெரியும் என்பதால் மூன்று தரம் கூப்பிடத் தயாராக நின்றேன்.

"கஸ்தூரி" என்றேன்.

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. "நானோ?"

விளையாடுகிறாள் என்று சிரித்துக்கொண்டே, "நீ இல்லாம இன்னா, உங்க அப்பன் வூட்டு ஆளா? கதவத் தொறடி" என்று கதவில் கை வைத்தேன். கை பூட்டில் பட்டது. வெளியே பூட்டியிருந்தது.

"அக்கா" என்று முதுகுக்குப் பின்னால் குரல். திரும்பினேன். கஸ்தூரி தெருவில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் கோணி மூட்டை, முகமெல்லாம் வேர்வை, ஓடையிலிருந்து வருகிறாள் போல.

நான் பூட்டையே பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"உனக்கும் கேட்டுச்சாக்கா?"

தலையை ஆட்டினேன்.

"பயப்படாத. யார் யாரு ரத்தத்தயோ ஏத்திக்கினு உசுரோட இருக்கேன். நான் ஒருத்தி மட்டுமா இருப்பேன்?" என்றாள். "தெனம் கேப்பாங்க. நான் பதில் சொல்லிட்டுத் தான் உள்ள போவேன்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டில் போட்டாள். திருகுவதற்கு முன்னால் கதவில் வாயை வைத்து, தூங்குகிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"நீ இல்ல அண்ணி. நான் தான் வந்திருக்கேன்."

பிறகு கதவைத் திறந்து, என்னை முன்னால் போகச் சொன்னாள்.